முகம் பார்க்காமல் கொடுத்த இரண்டு உறைகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவோடு எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் சித்தப்பாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் உங்களுக்குப் படபடப்பு வந்துவிடும்.

ஆலோசகர் அம்மா பெரியவர்களுக்கு மட்டும்தான் மனநல ஆலோசனை சொல்கிறார். அவர் முறையில் இரண்டு பாதி. முதல் பாதி ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்க ஞானிகளுடையது: எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தாளில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். மறுபாதி நடத்தைச் சிகிச்சை: கையில் இருப்பதைப் பயிற்சியாகச் செய்து பழக வேண்டும். அந்த வாரப் பயிற்சியைச் சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அவர்கள் போகும்போது கொடுப்பது என் வேலை. ரகசியம் என்பதால் உறையில் பெயர் இருக்காது. ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நான் எங்கே ஆளைப் பார்த்தேன்? யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சம். அதனால் எல்லோரையும் காலணியை வைத்தே அடையாளம் வைத்திருந்தேன். கறுப்பு பூட்ஸ் என்றால் பஸ் டிரைவர், எடுத்ததற்கெல்லாம் சண்டை போடுபவர். பழுப்புச் செருப்பு என்றால் அலுவலக எழுத்தர், யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் வாங்கிக்கொள்பவர். போன வாரம் நல்ல மழை. டிரைவர் பூட்ஸ் நனைந்துவிட்டதென்று பழுப்புச் செருப்பில் வந்தார். எழுத்தர் மழைக்காகக் கறுப்பு பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். ‘பதில் சொல்லும் முன் பத்து எண்ணவும்’ என்ற டிரைவரின் சீட்டு எழுத்தரிடம் போய்விட்டது. ‘தினமும் முடியாது என்று சொல்லவும், காரணம் சொல்லக் கூடாது’ என்ற எழுத்தரின் சீட்டு டிரைவரிடம்!

இந்தத் திங்கட்கிழமை டிரைவர் வந்து வரவேற்பறையிலேயே முழங்கினார். "ஸ்டாப் இல்லாத எடத்துல எறக்கி விடுன்னாங்க. முடியாதுன்னேன். காரணம் சொல்லக் கூடாதே! அப்புறம் சண்டை எங்கேருந்து வரும்? இத்தனை வருஷமா நான் கத்துனது பூரா காரணம் சொல்றதுக்குத்தாம்மா!"

பக்கத்தில் இருந்த எழுத்தர் மெதுவாகச் சொன்னார். "மேனேஜர் ஒரு கட்டு ஃபைலை நீட்டினார். எண்ண ஆரம்பிச்சேன். ஏழு வர்றதுக்குள்ள, ‘சரி விடுங்க, நானே பாத்துக்கறேன்’னு தூக்கிட்டுப் போயிட்டார்."

அப்போதுதான் உறை மாறிப்போனது எனக்குப் புரிந்தது. உள்ளே போய் இருவரும் "சீட்டு பிரமாதம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. சனிக்கிழமை ஆலோசகர்கள் கூட்டத்தில் இவர்களையே உதாரணமாகச் சொல்லப்போகிறாராம். நான் உண்மையைச் சொல்லாவிட்டால் கூட்டத்தில் அவர் மானம் போகும், சொன்னால் என் வேலை போகும். எத்தனாவது வரை படித்தாய் என்று யாரும் கேட்காத ஒரே இடம் இது, சித்தி.

நானும் தாளில் கோடு போட்டேன். உண்மையைச் சொல்வது என் கையில். அம்மா என்னை அனுப்புவது என் கையில் இல்லை. பிறகு பயிற்சி. அன்று பூந்தொட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். செவ்வாய், கண்ணாடியிடம். புதன், காவல்காரரிடம். "என்கிட்ட ஏம்மா சொல்ற? நான் என்ன பண்ணினேன்?" என்று அவர் பயந்துவிட்டார். வியாழன், அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. பத்து எண்ணுகிறார் என்று தெரிந்தது. முப்பது வரை போயிருப்பார். பிறகு மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். "மாத்தினது நீ, தேறினது அவங்க. நான் எதுக்குடி இங்க உக்காந்திருக்கேன்?"

"என்னை அனுப்பிருவீங்களாம்மா?"

"முடியாது" என்றார். காரணம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை முகங்கள், சித்தி! காலணிக்கு மேலே இவ்வளவு இருக்கிறதா! சித்தப்பாவுக்கு வணக்கம், தம்பிக்கு அன்பு. இனி என்னால் உங்களுக்குத் தலைகுனிவு வராது. நான்தான் நிமிர்ந்துவிட்டேனே.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: இன்று காலை புதியவர் ஒருவர் அம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தை நேராகப் பார்த்து, சிரித்து, உறையைக் கொடுத்தேன். எதையும் கச்சிதமாக முடிக்காமல் தூங்க முடியாத ஒரு பொறியாளருக்காக எழுதிய சீட்டு அது: ‘ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவும். உலகம் கவிழ்கிறதா என்று பார்க்கவும்.’ வாங்கிப் போனவர் ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்தவராம். இறக்கைகள் அம்மாவின் மேசையில் கிடக்கின்றன. போன் செய்தேன். "கவிழலம்மா, நிம்மதியா இருக்கு" என்கிறார். பூந்தொட்டியிடம் சொல்லிவிட்டேன். நாளை கண்ணாடி.