வெடித்தாலும் வெற்றிதான்

ராக்கெட் மேலே போகிறவரை தன்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அறிவித்துவிட்டார் அவர். கேஸ் தீர்ந்தாலும் சரி, கூரை இடிந்தாலும் சரி. வீட்டில் இருந்தது மனைவி ஒருத்திதான். சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதிலேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவர் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். மனிதர்களை அதிகபட்சம் பதினான்கு மாடி வரை ஏற்றி அனுப்பிய அனுபவம். அந்தத் தகுதியில், உலகத்தில் எவன் ராக்கெட் விட்டாலும் டிவி முன்னால் உட்கார்ந்து யோசனை சொல்வார். அதுவும் சோதனை ராக்கெட் என்றால் சோறு தண்ணி இறங்காது.

இன்னொரு பைத்தியமும் உண்டு. கார். அதைத் துடைக்கிற துணியைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருப்பார். மனைவி லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷமாகிறது. சாவி கேட்டால் மழை என்பார். வெயில் என்பார். டயரில் காற்று கம்மி என்பார். கடைசியில் எல்லாம் ஒரே பதிலாகச் சுருங்கியது: முதலில் தப்பே இல்லாமல் ஓட்டக் கற்றுக்கொள், அப்புறம் சாவி. ஓட்டாமல் எப்படிக் கற்றுக்கொள்வது என்று அவள் கேட்டாள். அதற்கு அவரிடம் சத்தம்தான் இருந்தது.

சரி, ராக்கெட்டுக்கு வருவோம்.

கவுன்ட்டவுன் பாதியில் நின்றது. ஏதோ வால்வு மக்கர் பண்ணுகிறதாம். வெகுநேரம் அப்படியே நின்றது. அவர் நகரவில்லை. அந்த வால்வை எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று டிவிக்கு எடுத்துச் சொன்னார். டிவி கேட்கவில்லை. சத்தத்தை இன்னும் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார். எரிச்சல் தலைக்கு ஏறியது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பல் டாக்டர் உள்ளே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னாலேயே மனைவி, மூச்சிரைக்க. டாக்டர் பேச ஆரம்பித்தார். ஊரார் வாயைத் திறக்க வைத்தே பிழைக்கிற மனுஷனின் வாயை, ஒற்றை விரலைக் காட்டி மூடினார் இவர். எண்ணிக்கை மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

ராக்கெட் கிளம்பியது. நிமிர்ந்து போனது. கொஞ்சம் சாய்ந்தது. நடுவானில் பெரிய நெருப்பு உருண்டையாகி வெடித்துச் சிதறியது. டிவியில் எஞ்சினியர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். இவரும் தட்டினார்.

"எதுக்குங்க தட்டுறீங்க? அதான் உடைஞ்சுபோச்சே" என்றாள் மனைவி.

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார். தொண்டையைச் செருமினார். மனைவி ஒரு நாற்காலியை இழுத்து டாக்டரை அதில் உட்கார வைத்தாள்.

"டாக்டர் சாருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். சோதனையில் உடைந்தால் அது தோல்வியே இல்லையாம். எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று பார்க்கத்தான் சோதனையே. உடைத்தவனைத் திட்டுகிறவன் அடிமுட்டாள். திட்ட ஆரம்பித்தால் மனித குலம் தரையிலேயே கிடக்கும்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "அது அடுத்தவன் பொருள் மேல விழுந்து உடைச்சிட்டா?"

"என்ன டாக்டர், குழந்தை மாதிரி கேக்குறீங்க? விட்டவன் பொறுப்பு. முகம் சுளிக்காம சரி பண்ணிக் கொடுத்துட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான்."

"சுளிக்க மாட்டானா?"

"மனுஷனா இருந்தா சுளிக்க மாட்டான்."

டாக்டர் முகம் தெளிந்தது. எழுந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு பெருந்தன்மையைத் தான் பார்த்ததில்லை என்றும், கேட் செய்கிற ஆளை நாளைக்கே வரச் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

எந்த கேட்? ஜன்னலுக்குப் போனார்.

டாக்டர் வீட்டு கேட், டாக்டர் வீட்டு ரோஜாச் செடிகள் மேல் படுத்திருந்தது. அதன் மேல் இவருடைய கார் ஏறி நின்றது. ஒரு விளக்கு இல்லை. பானெட் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தது.

வால்வு சரியாகட்டும் என்று நீங்கள் உட்கார்ந்திருந்தபோதுதான், கொடியில் கிடந்த உங்கள் பேன்ட் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தேன் என்றாள் மனைவி. சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தாளாம். ஆனால் கூப்பிடக் கூடாது என்பது உத்தரவு.

அவர் வாயைத் திறந்தார். 'அடிமுட்டாள்' இன்னும் கூடத்தில் சூடு ஆறாமல் நின்றுகொண்டிருந்தது. மூடிக்கொண்டார். காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

"எங்க தப்புன்னு தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள் அவள் பொறுமையாக. "பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டேன். இனிமே மிதிக்க மாட்டேன்."

"சாவி எங்கே?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என்கிட்ட இருக்கட்டும். வண்டி ரிப்பேராகி வந்ததும் அடுத்த டெஸ்ட்டு."

"அடுத்த டெஸ்ட்டா?"

"பின்னே? இன்னிக்குக் காலி வண்டியைத்தானே விட்டுப் பார்த்திருக்கேன். அடுத்ததுல ஆளை ஏத்தணும்ல. அந்த ஆள் நீங்கதான்."