உப்புப் போட்ட புற்றுச் செல்கள்

ஆர்வக்கோளாறுக்கு இன்னும் தடுப்பூசி கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அது முற்றியது எம்.எஸ்ஸி. படிக்கையில், செல்போனில் எல்லாரும் பாம்பு கேம் ஆடிக்கொண்டிருந்த காலத்தில்.

என் நோய்க்குக் கிருமி, ஒரு குரங்கு வைரஸின் புரதம். நல்ல செல்லைப் புற்றுச் செல்லாக மாற்றிவிட்டு, நடுவே உட்கருவில் குடியிருக்கும். துளியூண்டு மட்டும் வெளிச்சவ்வுக்கு வந்து எட்டிப் பார்க்கும். (இத்தனூண்டு வைரஸுக்கு என்ன தெனாவெட்டு! நான் ரசிகையாகவே ஆகிவிட்டேன்.) அதைப் பார்க்க, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை உயிருள்ள செல்கள்மேல் விட வேண்டும். உயிருள்ள செல் அதை உள்ளே விடாது. ஆகவே விளிம்பு மட்டும் மின்னினால், புரதம் சவ்வில் இருக்கிறது என்று பொருள். இந்தப் புரதத்தை ஆராயும் விஞ்ஞானி ஒருவரைப் போய்ப் பார்த்திருந்தேன்; மின்ன வைத்துக் காட்டினால் தன் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாக மேடம் சொல்லியிருந்தார்.

செல்கள் எங்கள் கல்லூரியில். மேடத்தின் ஆய்வகமோ நகரின் தென்கோடியில். காசிமேட்டில் மீன் வண்டி ஓட்டும் என் அண்ணன், செல் குழாய்களைப் புதைத்த தன் மீன் ஐஸ் பெட்டியோடு என்னையும் ஏற்றிக்கொண்டான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுவிட்டது. வெயிலில் ஐஸ் கரைய ஆரம்பித்தது.

“அண்ணே, உப்பு கீதா?”

“கருவாட்டு உப்பு மூட்டையே கீது. இன்னாத்துக்கு?”

“உப்பு போட்டா ஐஸு இன்னும் ஜில்லுனு ஆவும். சயின்ஸு!”

“இன்னாம்மே, கேன்சர கருவாடு போடப்போறியா?”

அள்ளி அள்ளிப் போட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது குழாய்களில் செல்கள் கல்லாக உறைந்திருந்தன. (என் மூளையும் அதே பதம்.) பத்திரமாக இருக்கின்றன என்று பூரித்து, உள்ளங்கையில் உருட்டி உருக்கி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் குனிந்தேன். ஒவ்வொரு செல்லிலும் தீபாவளி!

“மேடம்! விளிம்பு மட்டுமில்ல, முழுசா மின்னுது!”

பக்கத்து அறைக்காரர்கள் கூடிவிட்டார்கள். டீக்கு வந்த மூத்த விஞ்ஞானி ஒருவரின் கையை நானே பிடித்துக் குலுக்கினேன்.

மேடம் பார்த்தார். “எப்படிக் கொண்டுவந்தே?”

சொன்னேன். ‘உப்பு’ என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

“உறைஞ்சு வெடிச்சிருக்கும்மா. சாயம் உள்ள போயிடுச்சு. நீ பார்க்கறது பிணம். உயிரோட இருக்கான்னு பார்த்தியா?”

எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் நின்ற அண்ணன் குரல்: “தங்கச்சி, பொட்டிய காலி பண்ணிக் குடு. லோடு ஏத்தணும்.”

முதலில் சிரித்தது மேடம்தான். பிறகு, “மறுபடி செய். உப்பில்லாம,” என்றார். வேறொருவராக இருந்தால் பெட்டியோடு என்னையும் அனுப்பியிருப்பார்.

அடுத்த முறை செல்கள் உயிரோடு வந்தன. இருட்டில், எண்ணூர்க் கடலில் தெரியும் படகு விளக்குகள் போல, விளிம்பில் மட்டும் புள்ளி புள்ளியாய் வெளிச்சம். மூச்சுவிடவே பயந்தேன். இடம் கிடைத்துவிட்டது.

மானம்தான் திரும்பவில்லை. சில வருடங்கள் கழித்து மாப்பிள்ளை போட்டோவை அண்ணனிடம் நீட்டி, “முகம் எப்படி மின்னுது பாருண்ணே!” என்றேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“மின்னுது, சரி. ஆளு உசுரோட கீறாரா, விசாரிச்சியா?”

இன்றும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், சோபாவில் தூங்கும் என் கணவரைக் காட்டி அதையேதான் முதலில் கேட்கிறான்.