கருவாட்டு மண்டியில் ஆன்டெனா

தெருவில் எவர் போனும் சிக்னல் எடுக்கவில்லை என்று வியாபாரிகள் கொடுத்த புகாரில் முதல் கையெழுத்து ஞானதுரையுடையது. விசாரிக்க வந்த அதிகாரி செங்கொடி விளக்கிய பிறகுதான் தன்மேலேயே புகார் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

"யாரோ திருட்டு சிக்னல் பூஸ்டர் வெச்சிருக்காங்க சார். அவங்க போன் மட்டும் கணீர்னு கேக்கும். அந்த இரைச்சல்ல மத்தவங்க போன் எல்லாம் படுத்துடும்."

ராயபுரத்தில் அவருடைய கருவாட்டு மண்டி ஒரு குகை. பூஸ்டர் மாட்டிய பிறகுதான் அதற்குள் போன் அடித்தது. அது போனால் ஆர்டர் எல்லாம் எதிர்க்கடை இசக்கிப்பாண்டிக்குப் போய்விடும்.

செங்கொடி ஜீப்பின் மூக்கில் வரைபடத்தை விரித்தாள். வியாசர்பாடிப் பெண். அலைவரிசைக் கண்காணிப்பில் இரண்டு வருட வேலை.

"நேத்து காசிமேடு, மூலக்கொத்தளம், ரயில்வே ஸ்டேஷன் மூணு எடத்துல அளந்தேன். எந்தத் திசையில இரைச்சல் பலமா வருதோ அந்தத் திசைக்கு ஒரு கோடு. மூணும் இந்தத் தெருவுல வந்து வெட்டுது. இனிமே நடந்து தேடணும்."

ஒரு கடையையும் பார்க்காமல் தெருவைப் பிடித்துவிட்டாளே என்று ஞானதுரைக்கு மலைப்பாக இருந்தது.

"கலர் குடிக்கியளா மேடம்? இந்தா வாரேன்."

உள்ளே ஓடினார். பூஸ்டரின் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியை நெத்திலி மூட்டைக்குள் புதைத்தார்.

திரும்பி வந்தபோது செங்கொடி மீன்முள் போன்ற ஆன்டெனாவோடு மண்டி வாசலில் நின்றாள். மெதுவாகத் திருப்பினாள். "எத்தனை வருஷமா கடை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். மறுபடி திருப்பினாள். ஆன்டெனா நெத்திலி மூட்டைக்கு நேராக நின்றது.

"முதல்ல கலரைக் குடிங்க மேடம்."

அவள் குடிப்பதற்குள் மனைவி தங்கபுஷ்பம் பெட்டியை முந்தானையில் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோனாள். மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள். நெத்திலிதான்.

செங்கொடி சலிக்கவில்லை. ஆன்டெனாக் கம்பியை உயர்த்தினாள். அது மாடி ஜன்னலைக் காட்டியது.

"அணைச்ச பெறவும் காட்டுதே புஷ்பம்."

"கருவாட்டு வாடை மாதிரிதான இருக்கும்? மூட்டையை எடுத்த பெறவும் ரெண்டு நாள் நிக்கும்லா."

ஞானதுரைக்கு அது நியாயமாகப் பட்டது. வாடையை வாடையால்தான் அடக்க முடியும். செங்கொடி மாடி ஏறுவதற்குள் பெட்டியைப் பின்படி வழியாக இறக்கி, சுறாக் கருவாட்டுக் கூடையில் போட்டு, மேலே ஒரு கூடை சென்னாக்குனி இறால் கருவாடு கொட்டி, சாக்கு விரித்து, தானே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

செங்கொடி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கம்பி இடப்பக்கம் போனது. வலப்பக்கம் போனது. பிறகு அவர் இடுப்புக்குக் கீழே வந்து நின்றுவிட்டது.

"கொஞ்சம் எழுந்திருங்க சார்."

ஞானதுரை எழுந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"எடுத்துக்கிடுங்க தாயி. கடல்ல மீன் தேடுத மெஷின் பாத்திருக்கேன். மூணு சாதிக் கருவாட்டைத் தாண்டி மோப்பம் புடிக்கிற மெஷினை இன்னைக்குத்தான் பாக்கேன்."

செங்கொடி சிரிக்காமல் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறினாள். எதிர்க்கடையில் இசக்கிப்பாண்டி "அலோ, அலோ, எத்தனை மூட்டை?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

பெட்டியை ஜீப்பின் பின்னால் ஏற்றிய டிரைவர் ஜெயவேல், கும்பிட்டபடியே நின்ற ஞானதுரையின் காதருகே குனிந்தார்.

"மெஷின் இன்னா நைனா மெஷின், நீ பிளக்கைப் புடுங்கின நிமிசமே அது சைபர்ல படுத்துகிச்சு, அப்பாலிக்கா மேடம் உன் மூஞ்சியப் பாத்துகினேதான் கம்பியத் திருப்பிச்சு."