ஐயனார் காட்டில் காடு வளர்த்த வரலாறு

எழுதிப் பழக்கமில்லாத ஒருவன் பேனாவைத் தொட்டதைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். இக்கதையில் பிழை இருந்தால் அது அடியேனுடையது. பெருமை இருந்தால் அது முழுவதும் குருந்தன்குளம் ஊராட்சித் தலைவர் காளை அவர்களுடையது.

உலகில் காடு வளர்த்தவர்கள் உண்டு. காட்டை அழித்தவர்களும் உண்டு. இவ்விரு அருஞ்செயல்களையும் ஒரே இடத்தில், ஒரே வாரத்தில், ஒரே பொன்னாடைக்குள் முடித்துக் காட்டியவர், அடியேன் அறிந்தவரை, மேலூர் வட்டாரத்தில் அவர் ஒருவரே.

தலைவருக்கு இரண்டு செல்வங்கள் வாய்த்திருந்தன. ஒன்று, ஐயனார் கோயில் காட்டுக்குக் கீழே, சரிவில் இருந்த அவருடைய கிணறு. சித்திரை வெயிலில் மேலூர் ரோட்டுத் தார் இளகினாலும் அதில் தண்ணீர் வற்றியதில்லை. மற்றொன்று, அந்தத் தண்ணீரில் அவர் மனைவி பாண்டீஸ்வரி வளர்த்த மல்லிகைத் தோட்டம். அவரிடம் இல்லாதது விருது மட்டுமே. அதை மாட்டுவதற்கான ஆணியைக் கூடத்துச் சுவரில் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்.

"வெறும் ஆணியப் பாத்துக்கிட்டே சோறு திங்கிற ஆளு இந்த ஊர்லயே நீங்கதாங்க" என்பார் பாண்டீஸ்வரி.

இந்நிலையில்தான் 'மாமதுரைப் பசுமைப் பேரியக்கம்' என்னும் அமைப்பின் செயலாளர் செல்வக்குமார் அவர்கள், கோரிப்பாளையத்திலிருந்து குளிரூட்டிய காரில் வந்து இறங்கினார். ஒரே நாளில் பத்தாயிரம் மரக்கன்றுகள் நட வேண்டும் என்பது இயக்கத்தின் தீர்மானம். இடம் தரும் ஊரின் தலைவருக்குப் 'பசுமைக் காவலர்' விருது. தலைவரின் கண்கள் தாமாகவே ஆணியை நோக்கின.

முதலில் அவர் காட்டியது ஊருக்கு வடக்கே கைவிடப்பட்ட கல்குவாரிப் பொட்டல். அங்கே ஒரு புல்கூட இல்லை.

"இங்க வேண்டாம் தலைவரே" என்றார் செயலாளர், காரை விட்டு இறங்காமலே. "மண்ணே இல்ல. இங்க நட்டா ஒன்னும் வளராது. இயக்கத்துக்குக் கெட்ட பேரு."

"மரம் இல்லாத எடத்துலதான சார் மரம் நடணும்?"

"அப்படித்தான் எல்லாரும் தப்பா நினைக்கிறாங்க. மரம் நல்லா வளர்ற இடத்துலதான் நடணும்."

இந்த அறிவியல் உண்மை தலைவருக்கு அதுவரை தெரியாது. மரம் நன்றாக வளர்கின்ற இடம் குருந்தன்குளத்தில் ஒன்றே ஒன்றுதான். இருவரும் ஐயனார் காட்டுக்குப் போனார்கள்.

அங்கே உசிலையும் வீரையும் குருந்தும் சூரைக்கொடியும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நின்றன. அந்தக் காட்டுக்குள் செருப்புப் போட்டு நுழைவதில்லை. காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்து வருவதில்லை என்பது ஊர்க்கட்டு. செயலாளர் வெறுங்காலுடன் நின்று, மண்ணை மிதித்து மிதித்துப் பார்த்தார்.

"ஆகா, மெத்தை மாதிரி அமுங்குதே!"

"எலை விழுந்து விழுந்து மக்குனதுங்க சார். எங்க பாட்டன் காலத்துலருந்து யாரும் கூட்டுனதில்ல."

"கூட்டுறதே இல்லையா?" செயலாளர் மிகவும் வருந்தினார். "பராமரிப்பே இல்லாம விட்டிருக்கீங்க."

"இங்கதான் ஏற்கெனவே மரம் இருக்கே சார்?"

"எது மரம்? இது புதர். ஒன்னாவது வரிசையில நிக்குதா? பேர்ப்பலகை இருக்கா? யாரு நட்டதுன்னு கேட்டா யாருக்காவது சொல்லத் தெரியுமா?"

தலைவர் யோசித்துப் பார்த்தார். யார் நட்டது என்று அவருக்கும் தெரியவில்லை. நட்டவர் பெயர் தெரியாத மரங்களுக்கு இத்தனை காலம் இடம் கொடுத்ததை எண்ணி வெட்கப்பட்டார்.

பூசாரி மொக்கையன் மட்டும் வழிமறித்தார். அவரும் தலைவரும் முறைக்கு மாமன் மச்சான்.

"செருப்பே உள்ள வரக்கூடாதுங்கிற எடம் மச்சான். நீ ஜேசிபிய விடணும்ங்கிற?"

"ஊரு நல்லதுக்குத்தான் மாப்ள. ஐயன்கிட்டயே கேட்ருவோம். அவரு வேணாம்னா நான் வாயத் தொறக்கல."

குருந்தன்குளத்தில் எந்தப் பெரிய காரியமும் பூப்போட்டுப் பார்க்காமல் நடப்பதில்லை. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஐயன் முன் வைத்து, கேள்வியைச் சொல்லி, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம்; சிவப்பு வந்தால் மறுப்பு. சிவப்புக்குக் காட்டின் வாசலில் நின்ற செவ்வரளி. வெள்ளைக்குப் பாண்டீஸ்வரியின் தோட்டத்து மல்லிகை. வழிவழியாக அப்படித்தான்.

கேள்வியைத் தயாரிக்கும் பொறுப்பைச் செயலாளரே ஏற்றார். 'ஐயனே, உன் இடத்தில் பத்தாயிரம் மரங்கள் நடுவதற்கு உனக்குச் சம்மதமா?' தலைவர் அதை உரக்கச் சொன்னார். பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

மல்லிகை.

மரம் நடட்டுமா என்று கேட்டால் எந்த ஐயனார்தான் வேண்டாம் என்பார்? ஊரே குலவையிட்டது. பாண்டீஸ்வரி மட்டும் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏங்க, நடவான்னு கேட்டீக. வெட்டவான்னு கேட்டீகளா?"

"நடுறதுக்குச் சம்மதம்னா எல்லாத்துக்கும் சம்மதந்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துருச்சு. கேக்காத கேள்விய நீ எதுக்குக் கெளப்புற?"

"சாமி வாய அடைக்க என் பூவும் என் கையுந்தான் கெடச்சுதாக்கும்."

மறுநாள் ஜேசிபி வந்தது. மரபை மதிக்கும் நோக்கில், ஓட்டுநர் செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டார். வண்டிக்குச் செருப்பு கிடையாதாகையால் அது அப்படியே உள்ளே போனது. வாசலில் நின்ற செவ்வரளிதான் முதலில் சாய்ந்தது. உசிலையும் வீரையும் அதைப் பின்தொடர்ந்தன. மெத்தைபோல் கிடந்த மேல்மண், 'இயற்கை வழி மாடித் தோட்டம்' என்னும் உயரிய திட்டத்திற்காகச் சாக்குகளில் கட்டப்பட்டு மதுரைக்குப் போயிற்று. பாட்டன் காலத்திலிருந்து கூட்டப்படாத இடம் அன்றுதான் சுத்தமாயிற்று.

விழா சிறப்பாக நடந்தது. பந்தல் அவசியமாயிற்று, நிழல் இல்லை. பத்தாயிரம் கன்றுகளும் இராணுவத்தைப்போல் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் நட்டவர் பெயர் தாங்கிய பலகை. கன்றைவிடப் பலகை உயரம். தலைவரின் தோளில் பொன்னாடை விழுந்தது. கூடத்து ஆணிக்கு அன்று வேலை கிடைத்தது.

ஐப்பசியில் நல்ல மழை. முன்பெல்லாம் அது இலையில் விழுந்து, சருகில் இறங்கி, மண்ணுக்குள் ஊறி, அவசரமில்லாமல் தலைவரின் கிணற்றுக்கு வந்து சேரும். இந்த முறை அதைத் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. ஒரே ஓட்டமாகக் கண்மாய்க்கு ஓடிற்று. போகிறபோக்கில் மிச்ச மண்ணையும், பாதிக் கன்றுகளையும், பெரிய மனிதர்களின் பெயர்ப்பலகைகளையும் கையோடு அழைத்துச் சென்றது. எஞ்சிய கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற யாரையும் தீர்மானத்தில் குறிப்பிட்டிருக்கவில்லை.

மாசியில் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. தலைவர் தம் ஆயுளில் அந்தப் பாறையைப் பார்த்ததே இல்லை. பங்குனியில் மல்லிகைச் செடிகள் விறகாயின. பாண்டீஸ்வரி அவற்றைப் பிடுங்கி வந்து அடுப்பெரித்தார்.

சித்திரையில் செயலாளர் மறுபடியும் வந்தார். இந்த ஆண்டு இலக்கு இருபதாயிரம். தலைவர் அவரை ஆவலோடு அதே இடத்துக்கு அழைத்துப் போனார்.

"இங்க வேண்டாம் தலைவரே" என்றார் செயலாளர், காரை விட்டு இறங்காமலே. "மண்ணே இல்ல."

"போன வருசம் மெத்தை மாதிரி இருக்குன்னீங்களே சார்!"

"அது போன வருசம். பக்கத்துல வேற எங்கயாச்சும் கோயில் காடு இருக்கா?"

கார் போன புழுதி அடங்கும்வரை தலைவர் அங்கேயே நின்றார். பிறகு பூசாரியைத் தேடிப் போய், வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"மாப்ள, கிணத்துல மறுபடி தண்ணி ஊறுமான்னு ஐயன்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்."

"கேட்ருவோம் மச்சான். இந்தத் தடவ கேள்விய முழுசாக் கேளு. செவப்புப் பூ எங்க?"

தலைவருக்கு ஜேசிபி நினைவுக்கு வந்தது. "வெள்ளைய வச்சு மட்டும் கேக்க முடியாதா?"

"சரி, வெள்ளைப் பூவக் குடு."

தலைவர் மனைவியைப் பார்த்தார். பாண்டீஸ்வரி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தோட்டத்துல போயி நீங்களே பறிச்சுட்டு வாங்க, பசுமைக் காவலரே."

தலைவர் எழுந்து, பழக்கதோஷத்தில் தோட்டத்துப் படல்வரை போனார். போய்த் திரும்பி வந்தார்.

நீட்டி எழுதிவிட்டதற்கு மன்னிக்கவும். இழந்தவை வருமாறு: ஐயனார் காடு ஒன்று. அதன் மேல்மண், முழுவதும். வற்றாத கிணறு ஒன்று. மல்லிகைத் தோட்டம் ஒன்று. சாமியிடம் கேட்பதற்கு இருந்த சிவப்புப் பூ, வெள்ளைப் பூ.

விருது இக்கணக்கில் சேராது. அது ஆணியில் பத்திரமாக இருக்கிறது.