சேவியர் சார் வீட்டு ஜல்லியில் தங்கம்

பாடத்தில் ஒன்றுமே கவனிக்காதவளால் உலகத்துக்கு ஆபத்து இல்லை. அவள் பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். பாதி கவனித்தவள்தான் ஆபத்து. அவளுக்கு யாரையும் கேட்கத் தோன்றாது. நான் பாதி கவனித்தவள்.

எம்.எஸ்ஸி. ஜியாலஜி கடைசி வருடம். புராஜெக்டுக்கு எனக்குக் கிடைத்தது துறையூர்ப் பக்கம் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரை தங்கம் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போன குழி அங்கே இருக்கிறது. பெரிய சுரங்கம் என்று கற்பனை பண்ணாதீர்கள். இரண்டு ஆள் ஆழம். உள்ளே முள்செடி, பீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு. சுவரில் முழங்கை அகலத்துக்கு வெள்ளைக் கல் பட்டை ஒன்று ஓடும். தங்கம் இருந்தால் அந்தப் பட்டையில்தான் இருக்கும். அதிலிருந்து பதினோரு துண்டு உடைத்து, பையில் போட்டு, நம்பர் எழுதி, பஸ்ஸில் தூக்கி வந்தேன்.

கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். "உள்ள என்னம்மா?"

"கல்லுண்ணா."

"ஏன், திருச்சியில கல்லு தீந்துபோச்சா?"

(சிரிங்கண்ணா சிரிங்க, நாளைக்கு பேப்பர்ல என் போட்டோ வரும்போது பேசிக்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வயசுத் திமிர் அப்படி.)

மார்க் மட்டும் என்றால் நான் இவ்வளவு துள்ளியிருக்க மாட்டேன். தங்கம் தேடுகிற கம்பெனி ஒன்றிலிருந்து வைவாவுக்கு ஒரு மேடம் வரப்போகிறார், எங்கள் வகுப்பில் ஒரே ஒருவருக்கு வேலை தருவார் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலை எனக்குத்தான் என்று நான் வீட்டில் அறிவித்து, அம்மா அதை எங்கள் காட்டூரில் ஆரம்பித்து அரியமங்கலம் வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள். இனி வேலை கிடைக்காமல் போனால் வீட்டை விற்றுவிட்டு ஊரை மாற்ற வேண்டியதுதான்.

எங்கள் கைடு வகுப்பில் சொன்னது இது: "சாம்பிளோட சேத்து, சும்மா ஒரு சாதாரணக் கல்லையும் பொடி பண்ணி லேபுக்கு அனுப்புங்க." ஏன் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பாதியில் நான் போனில் இருந்தேன்.

சாதாரணக் கல்லுக்கு எங்கே போவது? எதிர்வீட்டு சேவியர் சார் மாடி எடுத்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். வாசலில் குவித்திருந்த ஜல்லியில் ஒரு கை அள்ளினேன். பன்னிரண்டாவது சாம்பிள் ரெடி.

அடுத்து, எல்லாவற்றையும் மாவு மாதிரி பொடியாக்க வேண்டும். டிபார்ட்மெண்டில் இருக்கும் நொறுக்கும் மிஷினுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் காத்திருக்கும் ஜாதி இல்லை. ஸ்ரீரங்கத்தில் சித்தப்பாவிடம் கனமான இரும்பு உரலும் உலக்கையும் இருப்பது ஞாபகம் வந்தது. சித்தப்பா நகை ஆசாரி. உரல் இருந்தது அவருடைய பட்டறையில்.

(உங்களுக்கு இங்கேயே புரிந்துவிட்டது. எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.)

"கழுவிட்டு இடி பாப்பா," என்றார் சித்தப்பா, வளையலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"சரிங்க சித்தப்பா," என்று சொல்லித் துப்பட்டாவால் ஒரு துடை துடைத்தேன். கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று முதலில் ஜல்லியை இடித்தேன். பிறகு குழியிலிருந்து எடுத்த பதினொன்றையும் வரிசையாக. கையில் கொப்புளம் வந்துவிட்டது. சித்தி மோர் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து லேபிலிருந்து ரிசல்ட் போனுக்கு வந்தது. தங்கம் இருந்தது. சும்மா இல்லை, துரை குழியை விட்டுப்போனதற்கு அவருடைய பேரப்பிள்ளைகள் அழுகிற அளவுக்கு இருந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக ஜல்லியில் இருந்தது.

கொஞ்சம் மூளை உள்ள யாரும் இங்கே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். நானும் யோசித்தேன். ஜல்லி ஏதோ ஒரு குவாரியிலிருந்து வந்தது. அந்தக் குவாரியும் குழியும் ஒரே தங்கப் பட்டையில் இருக்கின்றன. ஆக, நான் கண்டுபிடித்திருப்பது குழியை இல்லை, ஒரு மண்டலத்தை. கைடிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பேரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயம்.

சரியாக அன்று காலை சேவியர் சார் வீட்டில் தளம் போடுகிறார்கள். கலவை மிஷின் வந்து நிற்கிறது. சித்தாள்கள் தலையில் சும்மாடு கட்டியாயிற்று. நான் நைட்டியோடு தெருவைத் தாண்டி ஓடினேன்.

"சார், நிறுத்துங்க. உங்க ஜல்லியில தங்கம் இருக்கு."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "ஏம்மா பவி, சாப்பிட்டியா?"

போனை நீட்டினேன். கணக்கு வாத்தியார் இல்லையா, நம்பரைப் பார்த்ததும் மரியாதை வந்துவிட்டது. "மேஸ்திரி, கலவை வேணாம்," என்றார்.

"என்ன சார், ஆளுங்கல்லாம் வந்தாச்சு. மழ வேற வர்ற மாதிரி இருக்கு."

"வேணாங்கிறேன்ல. ஒரு... சர்வே இருக்கு."

அவருடைய மனைவி ஸ்டெல்லா டீச்சர் வெளியே வந்து, "எந்த சர்வேங்க?" என்றார். சார் ஜல்லிமேல் தார்ப்பாயைப் போர்த்தி, பக்கத்தில் நாற்காலி போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வைவா, அது முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஸ்கூலுக்கு இரண்டு நாள் லீவு போட்டார்.

வைவாவில் நான் முதல் ஸ்லைடிலேயே மேப் போட்டேன். துறையூர்க் கரட்டிலிருந்து காட்டூர்வரை கெட்டியாக ஒரு மஞ்சள் கோடு. கைடு முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. கம்பெனி மேடம் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரொம்பப் பிரியமாகப் பார்த்தார். வேலை உறுதி என்று நினைத்தேன்.

"நல்லா இருக்குமா. இதை எந்த வரிசையில இடிச்சீங்க?"

"ஜல்லி முதல்ல மேடம். அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு."

"அந்த வரிசையிலயே நம்பரை வாசிங்க."

வாசித்தேன். ஜல்லியில் அதிகம். ஒன்றில் கொஞ்சம் குறைவு. இரண்டில் இன்னும் குறைவு. வாசிக்க வாசிக்க என் குரலும் கூடவே இறங்கியது. கடைசி நான்கில் ஒன்றுமே இல்லை.

"எங்க வெச்சு இடிச்சீங்க?"

"எங்க சித்தப்பா பட்டறையில மேடம்."

"என்ன பட்டறை?"

"நகைப் பட்டறை" என்று என் வாய் சொல்லி, என் காது கேட்டு, அதற்கப்புறம்தான் என் மூளைக்குத் தகவல் போனது.

மேடம் விடவில்லை. அந்த உரலில் சித்தப்பா வழக்கமாக என்ன இடிப்பார் என்று போன் போட்டுக் கேட்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"உடைஞ்ச மூசையத்தான் இடிப்போம் பாப்பா," என்றார் சித்தப்பா. (மூசை என்றால் தங்கம் உருக்கும் சின்ன மண்கிண்ணம்.) "உள்ள ஒட்டியிருக்கிற பொடி கிடைக்கும்ல. ஏன், உன் கல்லோட வந்துடுச்சா? வந்திருந்தா அது நம்மளுது. பத்திரமா வாங்கிட்டு வந்துடு."

கைடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாதாரணக் கல்லை எதுக்கு அனுப்பச் சொல்றோம் தெரியுமா? அதுல தங்கம் வந்தா, தப்பு கல்லுல இல்ல, நம்மகிட்டன்னு தெரிஞ்சுக்கத்தான்," என்றார்.

வேலை என் வகுப்பு நீலகண்டனுக்குப் போனது. அவனுடைய ரிசல்ட் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வெறும் சைபர். "சுத்தமான வேலை" என்று பாராட்டினார்கள். நான் மறுபடியும் கரட்டுக்குப் போய், மறுபடியும் உடைத்து, டிபார்ட்மெண்ட் மிஷினில் பொடியாக்கி, மூன்று மாதம் கழித்துத் தேறினேன். குழியில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. துரை விவரமானவர்தான்.

வைவா முடிந்த அன்று சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தபோது சார் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "சார், அது வெறும் ஜல்லிதான்," என்றேன்.

சார் குடையை மடக்கினார். "பரவால்லம்மா. ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லி மேஸ்திரிக்குப் போன் போட்டார். மறுநாள் தளம் போட்டார்கள். அதில் ஒரு சட்டி கலவை நான் சுமந்தேன்.

இப்போது போர்வெல்லுக்குத் தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் என் வீட்டில் யாரும் எந்த நல்ல செய்தியையும் நிம்மதியாகச் சொல்ல முடிவதில்லை. சொன்னால் ஒரே கேள்விதான். போன தையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கேசரியைக் கீழே வைத்துவிட்டு, "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாதுங்க. கோவமே வராது," என்றார்.

அம்மா சித்தப்பாவை முறைக்கிறாள். சித்தப்பா கூரையைப் பார்க்கிறார், உதட்டைக் கடிக்கிறார், அடக்க முடியாமல் கேட்டேவிடுகிறார்.

"எங்க வெச்சு இடிச்சுப் பாத்தீங்க?"

அவர்கள் ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லவில்லை.