மாவாட்டிய பேய்

பலராமன் ஒரு தீர்மானம் போட்டார். அவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. நாள் பூரா மேலதிகாரிகளின் உத்தரவுகளை நகல் எடுத்து எடுத்து, வீட்டிலாவது சொந்தமாக ஓர் உத்தரவு போட வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று அறிவித்தார்.

"ஞாயித்துக்கிழமை மேட்னி ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். அதுவும் இப்ப வந்திருக்கிறது பேய்ப் படம். பொம்பளைங்க யாரும் எங்ககூட வரக்கூடாது. சொல்லிட்டேன்."

அவர் மனைவி சரோஜா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"ஏங்க வரக்கூடாது?"

"பயந்துடுவீங்க."

"பேய்ப் படத்துக்குப் போறதே பயப்படத்தானேங்க. பயப்படாம வரணும்னா மலையைச் சுத்திட்டு வந்துடலாமே."

பலராமனின் கண் மூலையிலிருந்த குடத்தில் பட்டது. அவருக்கு ஒரு பிடி கிடைத்தது.

"சரி, நாலரைக்குத் தண்ணி வருமே. அதை யாரு புடிக்கறது?"

முறம் நின்றது. அந்தக் கேள்விக்கு அந்தத் தெருவில் எந்தப் பெண்ணிடமும் பதில் கிடையாது.

எண்பத்திரண்டில் அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு குழாய்தான். தினமும் நாலரைக்குத் தண்ணீர் வரும், ஐந்தேகாலுக்கு நின்றுவிடும். தேரடிப் பக்கம் இருந்த தியேட்டரில் மேட்னி ரெண்டரைக்கு ஆரம்பித்து ஐந்தேகாலுக்கு விடும். குழாயைத் திறந்துவிடுகிறவரும் தியேட்டர்காரரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். சரோஜா பக்கத்து வீட்டு ஜோதியம்மாளோடும் அதற்கடுத்த வீட்டு ராணியம்மாளோடும் சனிக்கிழமை மேட்னிக்குப் போவாள். நாலேகால் ஆனதும் மூவரும் எழுந்து ஓட்டமும் நடையுமாகத் திரும்புவார்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த மூன்று வருஷத்தில் சரோஜா ஒரு படத்தின் முடிவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை பதினேழு கதாநாயகிகள் இன்னும் கம்பத்தில் கட்டிப் போட்டபடியே இருக்கிறார்கள். தொலைந்துபோன பிள்ளைகள் தொலைந்தே கிடக்கிறார்கள். பந்தலில் உட்கார்ந்த ஒருத்தி கழுத்திலும் தாலி ஏறவில்லை. இது அவளுக்குப் பெரிய மனக்குறை. சிரிப்பாகச் சொன்னாலும் மனக்குறைதான்.

அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சரோஜா முக்கால்வாசிக் கதையைச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்துவிட்டு வந்து பலராமன் மீதிக் கால்வாசியைச் சொல்வார். சிரிப்புப் படம் என்றால் பிரமாதமாகச் சொல்வார். சொல்வதற்கு முன்பே தானே விழுந்து விழுந்து சிரித்துவிடுவார். பேய்ப் படம் என்றால் மட்டும் முடிவு ரொம்பச் சுருக்கமாக இருக்கும்.

"கடைசியில பூசாரி வந்தாரு. வேப்பிலை அடிச்சாரு. பேய் போயிடுச்சு."

"போன படத்துலயும் அதானேங்க சொன்னீங்க?"

"பேய்க்கு வேற என்னா வைத்தியம் இருக்குது?"

உண்மை என்னவென்றால், பலராமன் ஒரு பேயின் முகத்தையும் பார்த்தவரில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு அதில் ஒரு நடுக்கம். ஆனால் கடவுள் அவருக்குத் தடிமனான மூக்குக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்திருந்தார். திரையில் கதவு கிறீச்சிட்டதும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்க ஆரம்பிப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் திரை முழுக்க வெறும் மார்கழி மூட்டம். கண்ணை அகலத் திறந்து, இமைக்காமல், அந்த மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு, என்ன நெஞ்சுரம் இந்த மனுஷனுக்கு என்று தோன்றும். படம் முடியும்போது கண்ணாடி பளபளவென்று இருக்கும்.

இந்த ரகசியம் சைக்கிள் கடை கண்ணாயிரத்துக்கும் தபால்கார முருகையனுக்கும் தெரியவே கூடாது. கண்ணாயிரம் ஜோதியம்மாளின் புருஷன், முருகையன் ராணியம்மாளின் புருஷன். மூவரும் ஒன்றாகத்தான் போவார்கள். படம் விட்டதும் எதிரே ராமதாஸ் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் மனதில் பட்டதை ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும். சிரிப்புப் படமானால் எங்கே சிரித்தாய், பேய்ப் படமானால் எங்கே நடுங்கினாய் என்று முறை வைத்துக் கேட்பார்கள். அந்தப் பெஞ்சில் பலராமனுக்குத் தனி மரியாதை. நடுங்காத ஒரே ஆள் அவர்தான். பேயைப் பற்றி அவர் கால் மணி நேரம் விளக்கம் சொன்னால் டீக்கடைக்கு வந்த வேற்றாட்களும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார்கள். ஆபீஸில் பதினோரு வருஷமாக யாரும் அவர் பேச்சை நின்று கேட்டதில்லை. அந்த மரியாதையை இழந்தால் அவருக்கு வாரத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை. அந்த விளக்கம் அத்தனையும் சரோஜா சொல்லும் முக்கால்வாசிக் கதையிலிருந்து எடுத்தது என்பது அவருக்கும் அண்ணாமலையாருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் சரோஜா குடத்தை இறக்கி வைக்கும்போதே பலராமன் ஆரம்பித்தார்.

"ரொம்பப் பயந்துட்டியா? மனசுல வெச்சுக்காத, சொல்லிடு. எந்த இடம்?"

"எல்லாம் பயம்தாங்க. அந்தப் பாழடைஞ்ச பங்களாவுல வெள்ளைச் சீலை கட்டிக்கினு ஒண்ணு சுத்துது. புதுசாக் கட்டிக்கினு வந்த பொண்ணு, வாசப்படி தாண்டப் போனா போதும், எதிர்ல வந்து நிக்குது."

"ம். அப்புறம்?"

சரோஜா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்தாங்க முக்கியமான இடம். மணி பன்னெண்டு அடிக்குது. சமையல்கட்டுல கடகடன்னு சத்தம். போய்ப் பாத்தா, அந்தப் பேய் ஆட்டுக்கல்லு முன்னாடி உக்காந்து இட்லிக்கு மாவாட்டிக்கினு இருக்குது."

"மாவா?"

"ஆமாங்க. ஒரு கை தள்ளிவிடுது, ஒரு கை குழவியைச் சுத்துது. நடுவுல விரலால தொட்டு நாக்குல வெச்சு, உப்பு கம்மியா ஜாஸ்தியான்னு வேற பாக்குது."

பலராமன் வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். வெள்ளைச் சீலைகூடப் பரவாயில்லை, உப்புப் பார்ப்பதுதான் அவரை என்னவோ செய்தது. ஆனாலும் இது டீக்கடைக்கு அருமையான சரக்கு என்று மனதில் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வழக்கப்படி நடந்தது. கதவு கிறீச்சிட்டது, பலராமன் கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்தில் கண்ணாயிரத்துக்குச் செருப்பு காணாமல் போய்விட்டது, குனிந்து பெஞ்சுக்கடியில் வெகுநேரம் தேடினார். அவருக்கு எந்தப் பேய்ப் படத்திலும் செருப்பு காணாமல்தான் போகும். முருகையனுக்கு ஒண்ணுக்கு வந்தது, மொத்தம் ஆறு தடவை. பலராமன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் மூட்டத்தைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

டீக்கடையில் முதல் முறை பலராமனுடையது. ஒரு வாய் டீ குடித்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"மத்ததெல்லாம் சும்மா. அந்த மாவாட்டற சீன் எடுத்தான் பாரு, அவன்தான் டைரக்டரு."

கண்ணாயிரத்தின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. முருகையன் கண்ணாயிரத்தைப் பார்த்தார். கண்ணாயிரம் பலராமனைப் பார்த்தார்.

"ஆமாமா," என்றார் கண்ணாயிரம். "அந்தச் சீனு."

"நான் அதைத்தான் சொல்ல இருந்தேன்," என்றார் முருகையன். "அந்த ஆட்டுக்கல்லு சத்தம் இன்னும் என் காதுலயே இருக்குது."

"உப்புப் பாத்துதே," என்றார் பலராமன்.

"உப்பை விடுப்பா. குனிஞ்சு ஆட்டறப்ப அதோட முடி மாவுல விழுந்துச்சே, அதைப் பாத்தியா?" என்றார் கண்ணாயிரம். "எனக்கு அங்கதான் சிரிப்பு வந்துடுச்சு."

பலராமனுக்கு லேசாகத் தூக்கிவாரிப் போட்டது. சரோஜா முடியைப் பற்றிச் சொல்லவில்லையே. தண்ணீருக்கு ஓடுகிற அவசரத்தில் மறந்திருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

"பின்னே, பாக்காம? கருகருன்னு நீளமா," என்றார்.

"உளுந்தைத் தனியா, அரிசியைத் தனியால்ல ஆட்டுச்சு," என்றார் முருகையன். "பேயா இருந்தாலும் முறை தெரிஞ்ச பேய்."

மூவரும் கொஞ்ச நேரம் அந்த மாவைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்கள். அதில் மனித வாழ்க்கையின் தத்துவம் இருக்கிறது என்றார் பலராமன். செத்த பிறகும் பொம்பளைக்கு வேலை ஓயவில்லை பார் என்று விளக்கினார். நின்று கேட்டவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடந்த நடையே வேறு.

சரோஜா சோறு போட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"மாவாட்டினதைப் பாத்தீங்களா?"

"பாத்தேனாவா? கண்ணு இமைக்கல. நான் மட்டுமில்ல, மூணு பேரும் பாத்தோம்."

"மூணு பேருமா?"

"முருகையன் உளுந்து வரைக்கும் கவனிச்சிருக்கான்."

சரோஜா எழுந்து கொல்லைப்புறம் போனாள். மூன்று வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர்தான்.

"ஜோதியக்கா, உங்க வீட்டுக்காரரும் பாத்தாராமே?"

"ஆமாண்டி," என்று ஜோதியம்மாளின் குரல் வந்தது. "முடி மாவுல விழுந்துச்சுன்னு இங்க கையை வீசிச் சொல்லிக்கினு இருக்காரு. ராணி, உன் வீட்டுல?"

"இங்க உளுந்து தனியா ஆடிக்கினு இருக்குதுக்கா," என்றாள் ராணியம்மாள்.

மூன்று கொல்லையிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு கிளம்பியது. பலராமன் கையில் எடுத்த ரசச் சோற்றைத் தட்டிலேயே போட்டார். ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது, எது என்று தெரியவில்லை. சரோஜா திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தப் படத்துல மாவும் இல்ல, ஆட்டுக்கல்லும் இல்ல. நான் வெள்ளிக்கிழமை மாவாட்டறப்ப யோசிச்சு வெச்சது அது."

பலராமன் இடது கையால் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார்.

"போன மாசப் பேய்ப் படத்துக்கு நீங்க சொன்ன முடிவு வேப்பிலை. ஜோதியக்கா வீட்டுக்காரரு சொன்னது பேய் தீப்பிடிச்சு எரிஞ்சுடுச்சு. ராணி வீட்டுக்காரரு சொன்னது பேய் பஸ் ஏறி ஊருக்குப் போயிடுச்சு. மூணு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துதானே பாத்தீங்க? குழாயடியில வெச்சுப் பேசினோம். பயப்படறது தப்பில்லைங்க. நாங்க மூணு பேரும் கையைக் கோத்துக்கினு கத்திக் கத்திப் பாப்போம். ஆனா முடிவைப் பாக்கக் கொடுத்து வெச்ச நீங்க, அதைப் பாக்காம வந்து எங்களை ஏமாத்தினீங்க பாருங்க, அதான் எனக்கு மனசு ஆறல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பலராமன் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டிருப்பார். அவள் வருத்தமாகச் சொல்லிவிட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடி துடைக்கிற ரகசியத்தையும் அவளிடம் சொல்லிவிட்டார்.

"இது ராமதாஸ் கடைக்குத் தெரிய வேணாம், சரோஜா."

"தெரியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் போறோம். அதே படம், ரெண்டாவது வாரம். கடைசி வரைக்கும் உக்காந்து பாக்கப் போறோம். தண்ணி நீங்க புடிங்க."

"நாங்களா? குழாயடியிலயா?"

"வேணாம்னா சொல்லுங்க. ராமதாஸ் கடையில போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குத் தெருக்குழாயில் மூன்று ஆண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். பலராமன் குடத்தை இடுப்பில் வைக்கப் பார்த்தார், நிற்கவில்லை. தலையில் வைக்கப் பார்த்தார், குளித்துவிட்டார். முருகையனை ஒரு கிழவி வரிசையிலிருந்து மூன்று தடவை பின்னால் தள்ளினாள். கண்ணாயிரத்தின் செருப்பு இந்த முறை நிஜமாகவே சாக்கடையில் போய்விட்டது. ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ கண்ணாடியைக் கழட்டிடுவியாமே," என்றார் கண்ணாயிரம், குடத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா."

"நல்ல யோசனைப்பா அது. எனக்கு முதுகுவலியே வந்துடுச்சு."

ஒளிவு மறைவில்லாமல் அவர்கள் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஐந்தரைக்குப் பெண்கள் மூவரும் தெருமுனையில் வந்தார்கள். ஓட்டமும் இல்லை, நடையில் அவசரமும் இல்லை. சாவகாசமாக, கதம்பம் வாங்கி வைத்துக்கொண்டு, பேசிச் சிரித்தபடி வந்தார்கள். சரோஜாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவைப் பலராமன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இதையா மூன்று வருஷம் தடுத்து வைத்தோம் என்று அவருக்கே வருத்தமாக இருந்தது. நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே, கொஞ்சம் பயத்தோடு கேட்டார்.

"கடைசியில அந்தப் பேய் என்னாச்சு, சரோஜா?"

"பேயா? படத்துல பேயே இல்லைங்க. பொண்டாட்டி வாசப்படி தாண்டக்கூடாதுன்னு வெள்ளைச் சீலையைப் போத்திக்கினு சுத்தினது அவ புருஷன்தான்."