ஏணியில் இரண்டாம் படி

களிநாட்டில் இது எந்த மன்னர் காலத்தில் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஏரி ஊருக்குத் தெற்கே இருந்ததா, கிழக்கேயா என்பதுகூடக் குழப்பம்தான். ஏரிக்கரை வேலம்மை சொன்ன எண்கள் மட்டும் பிசகாமல் நினைவிருக்கின்றன.

மக்களின் மகிழ்ச்சியை அளந்துவர மன்னர் ஆளனுப்பினார். தலைநகரத்தில் மகிழ்ச்சி என்றால் உரக்கச் சொல்லிக்கொள்வது. ஏரிக்கரையில் அப்படியில்லை. பொழுது சாயும்போது வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வீட்டில் இருந்துவிட்டால் அதுதான் நிறைவு. அதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும்.

"அம்மணி, பத்துப் படி ஏணி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உச்சிப்படி பேரின்பம். தாங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" என்றார் வேலம்மை வீட்டு வாசலில் நின்ற இன்ப அளவைத் துறை அதிகாரி.

உள்ளே கணவன் சுடலை, மீனில் முள்ளெடுத்து மகள் பிச்சிக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அவள் சிரிப்பது வெளியே கேட்டுவிடக் கூடாதென்று வேலம்மை இருமினாள்.

"ஏதோ இருக்கோம்யா. ரெண்டுன்னு போட்டுக்கிடுங்க."

"ஏட்டி, ரெண்டு ஜாஸ்தி. ஒண்ணுன்னு சொல்லு," என்றான் சுடலை உள்ளேயிருந்து.

அரசவை மூன்று நாள் கவலைப்பட்டது. மாலையில் ஆண்கள் வீட்டில் சும்மா இருப்பதே துயரத்துக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. தலைநகரில் ஆனந்த கோபுரம் கட்ட அவர்களை அழைத்துப் போனார்கள்; சுடலையும் போனான்.

மறு ஆண்டு வேலம்மை யோசித்துத்தான் சொன்னாள். பிச்சியாவது கூட இருக்கிறாளே, கண் பட்டுவிடக் கூடாது.

"ஒண்ணு போடுங்கய்யா."

"துயரம் ஒரு தொற்றுநோய்," என்று அமைச்சர் அவையில் விளக்கினார். "தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துவிட்டால் அது பரவ வழியில்லை."

பிச்சி அரசு நகைப்புப் பள்ளியின் விடுதிக்குப் போனாள்.

கோபுரத்துச் சாரம் சரிந்து சுடலை செத்த செய்தி ஐப்பசியில் வந்தது. விடுதியில் காய்ச்சல் கண்டு பிச்சி போய்விட்ட செய்தி தையில் வந்தது. இரண்டு ஓலைகளிலும் கடைசி வரி ஒன்றுதான்: மகிழ்ந்திருங்கள்.

மூன்றாம் ஆண்டும் அதிகாரி அதையே கேட்டார். எழுத்தாணியைப் பிடித்தபடி நின்றார்.

"பத்து," என்றாள் வேலம்மை. "ரொம்ப நல்லா இருக்கேன்னு எழுதுங்க."

அதிகாரிக்குக் கண் கலங்கியது. "எந்தத் திட்டத்தின் பயன் என்று குறித்துக்கொள்ளட்டும்?"

"எதையாவது போட்டுக்கிடுங்க. இனி எவன் கண்ணு பட்டா எனக்கென்ன."

அந்த ஆண்டு கரை முழுக்கப் பத்துதான். மன்னர் பொன்னாடை போர்த்திக்கொண்டார். அதிகாரி அமைச்சரானார். முறையைக் கற்றுப்போக அயல்நாட்டுத் தூதர்கள் வந்து, ஏரிக்கரை மக்களை வாழ்த்திவிட்டுத் திரும்பினார்கள். வேலம்மை அடுத்த மழைக்காலத்தில் இறந்தாள். களிநாடு இன்றும் முதலிடத்தில்தான் இருக்கிறது.